தேதி வெட்டிய மேகப் படம்

லோகப்பிரியாவுக்கு எதையும் முகர்ந்து பார்க்காமல் நம்புகிற பழக்கம் கிடையாது. பால் பாக்கெட்டை வெட்டியதும் மூக்கருகே கொண்டுபோவாள். புது டவலைப் பிரித்ததும் முகத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பாள். "பொண்ணு பாக்க வந்தவனையும் மோந்து பாத்துத்தான் வேண்டாம்னுட்டா" என்று அவள் அண்ணன் திருமூர்த்தி வீட்டுக்கு வருகிற ஒறம்பரைகளிடம் சொல்லிச் சிரிப்பான். வந்தவன் குடித்திருந்தான் என்பதை அவன் சேர்த்துச் சொல்வதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அவளைத் தவிர வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் கொப்பரைக் களம் இருந்தது. தேங்காயை உடைத்து ஓட்டோடு வெயிலில் காயவைத்து, பருப்பு கழன்றதும் பெயர்த்தெடுத்து மறுபடியும் காயவைக்கிற சிமென்ட் தரை. சுற்றுவட்டாரத்தில் அதுபோல எங்கு பார்த்தாலும் களங்கள். ஊரே வெயிலை நம்பி வயிறு வளர்க்கிற ஊர். வேறு ஊர்களில் மழை வந்தால் பிள்ளைகள் ஆடும். இங்கே மழை வந்தால் பெரியவர்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வசவு வைத்தபடி ஓடுவார்கள். ஒரு நாள் நனைந்த பருப்பு மறுநாள் வழவழக்கும். அதற்கடுத்த நாள் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூக்கும். அதன் வாடை லோகப்பிரியாவின் தலைமுடியில் ஏறி, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் தள்ளி உட்காரும்வரை போயிருக்கிறது.

ஒருவேளை அதனால்தான் அவள் மழையைப் படித்தாள். கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பருவமழை எப்படி நகர்கிறது என்று பார்க்கிற திட்டத்தில் பல வருடம் வேலை செய்தாள். அரைமணிக்கு ஒரு படம் வரும். அரபிக்கடலில் கிளம்பிய ஒரு மேகத் திட்டை, சந்தைக்கு ஓட்டிப்போகிற மாட்டைப் பின்தொடர்வதுபோலப் படம் படமாகப் பின்தொடர்வாள். அது கேரளத்து மலையில் முட்டி முக்கால்வாசியை அங்கேயே கொட்டிவிடும். மிச்சம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும். மதுக்கரையில் தூறும், கோயமுத்தூரில் சட்டை நனையாத அளவுக்குச் சாரலடிக்கும், பல்லடம் தாண்டுவதற்குள் வெறும் காற்றாகிவிடும்.

ஆனால் படத்தில் அப்படித் தெரியாது. செயற்கைக்கோள் மேலே இருந்து மேகத்தின் தலையைத்தான் பார்க்கிறது. தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துக் கணினி இங்கே இவ்வளவு மழை என்று கணக்குப் போட்டுவிடும். காங்கேயத்தின் மேல் ஆனி மாதத்தில் வெள்ளை இருக்கும். கீழே களத்தில் புழுதி பறக்கும். மேகத்திலிருந்து விழுந்த துளிகூட வறண்ட காற்றில் பாதி வழியிலேயே காய்ந்துபோகும். மேகத்துக்குள் இருக்கிற துளியையே உணர்கிற வேறுவகைச் செயற்கைக்கோள்கள் உண்டு, அவை நாளுக்குச் சில தடவை மட்டும் தலைக்கு மேலே போகும். அவற்றையும் தரையில் வைத்த மழைமானிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

லோகப்பிரியா புலப்படுத்தினாள். மலைக்குக் கிழக்கே படம் சொல்கிற மழை பெய்வதே இல்லை என்று காட்டினாள். திட்டத்தின் தலைவர் அவள் வரைந்த வரைபடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "காங்கேயம், தாராபுரம் பாயின்ட்டை எல்லாம் எடுத்துடும்மா. கோடு அழகா வரும்" என்றார். எடுத்துவிட்டார்கள். கோடு அழகாக வந்தது. வெளிநாட்டுக் கூட்டத்தில் அந்தக் கோட்டுக்குக் கைதட்டினார்களாம். திட்டம் முடிந்ததும் லோகப்பிரியா பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஊரில் சும்மா இருக்க முடியவில்லை. செல்போனில் ஒரு குழு தொடங்கினாள். அண்ணனிடம் வந்து போகிற தென்னந்தோப்புக்காரர்கள், களத்துக்காரர்கள் எல்லாருடைய எண்ணும் திருமூர்த்தியிடம் இருந்ததால் குழுவை நடத்துகிற பொறுப்பும் அவன் கைக்கே போனது. காலையில் அவள் ஒரு படம் போடுவாள்; அது அண்ணன் எண்ணிலிருந்தே எல்லாருக்கும் போகும். பச்சை என்றால் பருப்பைப் பரப்பலாம். மஞ்சள் என்றால் தார்ப்பாயை எடுத்து வையுங்கள். சிவப்பு என்றால் மூடுங்கள். கீழே அவள் பெயர் இருக்கும்.

முதலில் யாரும் மதிக்கவில்லை. "வானத்தப் பாத்தாத் தெரியாதுங்களா அம்மணி?" என்று வேங்கடசாமி கேட்டார். அரசம்பாளையத்துக்காரர், எட்டு ஏக்கர் தோப்பு, வாய் மட்டும் எண்பது ஏக்கர். அவள் சளைக்காமல் சொன்னாள்: "வானத்தப் பாத்துச் சொல்றவங்க பேச்சை உடுங்க. நான் வாயில சொல்றதக்கூட உடுங்க. படத்தை மட்டும் நம்புங்க." ஐப்பசியில் மூன்று முறை சிவப்பு போட்டாள். மூன்று முறையும் கொட்டியது. அதற்குப்பின் வேங்கடசாமி காலையில் சாமி கும்பிடுமுன் செல்போனைக் கும்பிட ஆரம்பித்தார்.

அடுத்த ஆனி மாதம். மேற்கேயிருந்து காற்று தென்னையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வானம் மூடியிருந்தது. லோகப்பிரியா காலையில் பச்சை போட்டுவிட்டு, திருப்பூரில் பல் பிடுங்கப் போயிருந்தாள். மதியம் திரும்பி வந்தபோது அண்ணனின் களத்து வாசலில் டெம்போக்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் மூட்டை. இறக்கிக்கொண்டிருந்த பருப்பை ஒன்று எடுத்து உடைத்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை, வளைந்தது. பாதிகூடக் காயாத பருப்பு.

"என்னுங்க, இதுக்குள்ள அள்ளிட்டு வந்துட்டீங்க?" என்று முன்னால் நின்றவளிடம் கேட்டாள். பூவாத்தாள் என்று பேர். ஐம்பது வயது, புருஷன் இல்லை, சின்னத் தோப்பு ஒன்றை ஒண்டியாகக் கட்டி மேய்க்கிறவள்.

"நீங்கதானுங்க அம்மணி செவப்புப் போட்டிருக்கீங்க. மூணு நாளைக்கு அடமழைன்னு. உள்ள ஏத்திக் காயவெக்க எங்களுக்கு ஏதுங்க செட்டு? நனைஞ்சு நாறிப்போறதுக்கு உங்க அண்ணன் கேக்கற வெலைக்குத் தள்ளிட்டுப் போலாம்னு வந்தேன்."

லோகப்பிரியா செல்போனை எடுத்தாள். மரத்துப்போன தாடையோடு படத்தைப் பார்த்தாள். அவள் போட்ட பச்சையைக் காணோம், நீக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் காங்கேயத்தைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு படம். கீழே அவள் பெயர். போன ஐப்பசியில் அவளே போட்டது. மேலே தேதி இருந்த ஓரத்தை மட்டும் சுத்தமாக வெட்டியிருந்தார்கள்.

திருமூர்த்தி தராசுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். டீயை வைக்கக்கூட இல்லை.

"பல்லு வலி எப்புடியிருக்குது கண்ணு?" என்றான்.

"இது யாரு போட்டது?"

"பழைய படம் ஒண்ணு கை தவறிப் போயிருச்சாட்டிருக்குது. உடு. அவங்களா வந்தாங்க, அவங்களாக் குடுக்கறாங்க. நான் போயி யாரு கையையாவது புடிச்சு இழுத்தனா?"

"பாதி காஞ்சத வாங்கி என்ன பண்ணுவே?"

"நம்ம செட்டுக்குள்ள ஏத்திக் காயவெப்பேன். கறுத்தத கந்தகத்துல காட்டுனா வெள்ளையாயிரும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கந்தகத்தைக் கொளுத்திப் பூசணத்தை வெளுப்பார்கள். பிறகு அது எண்ணெயாகி, நல்ல வெள்ளைப் பாட்டிலில் போய், யாரோ ஒரு பிள்ளையின் தலையில் ஏறும். அந்தக் கொட்டகையைப் பார்த்தாலே அவளுக்குத் தொண்டை கமறும். ஆனால் இன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டிருந்தது கொட்டகையை அல்ல. டீ டம்ளரைச் சுற்றியிருந்த அந்தக் கொழுத்த, சாவகாசமான விரல்களை. இதே கையைப் பிடித்துக்கொண்டு தேர் பார்க்கப் போனோமே என்று நினைத்ததும் அவள் கை தானாகச் சுடிதாரில் துடைத்துக்கொண்டது.

அவள் டெம்போக்களின் நடுவில் போய் நின்றாள்.

"ஏனுங்க, எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க! இது இன்னைக்குப் படமில்லைங்க. போன ஐப்பசியில போட்டது. இன்னைக்கு மழை வராது. மூட்டைய இறக்காதீங்க!"

வேங்கடசாமி முதலில் வாயைத் திறந்தார்.

"தேதி இல்லீங்களே?"

"வெட்டிட்டாங்க."

"யாருங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் எழுந்து வந்து, கூட்டத்தைப் பார்த்து அன்பாகச் சிரித்தான். "பல்லுப் புடுங்கிட்டு வந்திருக்குதுங்க, ஊசி மயக்கம் இன்னும் தெளியல. காலைல அதுவே போட்டதுதானுங்க."

"நான் போடல!" என்றாள். மரத்த தாடையில் சொல் குழறியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"படத்த நல்லாப் பாருங்க" என்று வேங்கடசாமியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுல அம்புக்குறியப் பாருங்க, மழை கொடுமுடிப் பக்கமிருந்து, கெழக்கேயிருந்து வருது. இப்பக் காத்து எங்கிருந்து அடிக்குது? மேக்கேயிருந்து. ஆனி மாசத்துல கெழக்கேயிருந்து மழை வருங்களா?"

"மழை எந்தப் பக்கமிருந்து வந்தா என்னங்க, நனையறது நம்ம பருப்புத்தான?" என்றார் அவர். இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் அந்த நிமிடத்துப் படத்தை எடுத்துக் காட்டினாள். அது இன்னும் கெடுத்தது. பாலக்காட்டிலிருந்து கரூர்வரை பஞ்சு பரப்பியதுபோல வெள்ளை.

"இதுலயும் வெள்ளையாத்தானுங்க இருக்குது" என்றாள் பூவாத்தாள், பரிதாபமாக.

"வெள்ளையெல்லாம் மழை இல்லைங்க்கா. அது மேகத்தோட தலை. தலை குளுந்திருந்தா வெள்ளையாத் தெரியும். உள்ளுக்குள்ள துளி..."

"அம்மணி" என்று வேங்கடசாமி இடைமறித்தார். மரியாதையாகத்தான். "நீங்கதானுங்க சொன்னீங்க, நான் வாயில சொல்றத நம்பாதீங்க, படத்த நம்புங்கன்னு. நம்பிட்டோம். உடுங்க." திரும்பி, "டேய், அந்த மூட்டையப் புடி" என்றார்.

பூவாத்தாளின் முதல் மூட்டை தராசில் ஏறிற்று. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தோப்பு பூராவும் ஒரு வெட்டில் இறக்கியது அந்த மூட்டைகளில்தான் இருந்தது என்பது லோகப்பிரியாவுக்குத் தெரியும். ஏறிவிட்டால் வியாபாரம் முடிந்தது. இந்தப் பக்கத்தில் தராசில் ஏறிய மூட்டையை யாரும் திரும்ப எடுத்ததில்லை. அது வாக்கை மாற்றுவதுபோல.

என்ன சொன்னால் இவர்கள் கேட்பார்கள்? உண்மையைச் சொல்லியாயிற்று. அண்ணன் ஏமாற்றுகிறான் என்று உடைத்துச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். கூடப்பிறந்தவனைக் களத்தில் வைத்துச் சந்தி சிரிக்க வைக்கிறாள் என்று அவளைத்தான் திட்டுவார்கள். அவர்கள் நம்பக்கூடியது ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதை நினைத்ததுமே வாயில் பஞ்சோடு சேர்ந்து ரத்தம் கசந்தது.

"சரிங்க" என்றாள் உரக்க. "படம் நான் போட்டதுதானுங்க."

திருமூர்த்தியின் முகம் மலர்ந்தது.

"ஆனா தப்பாப் போட்டுட்டேன். கணக்குத் தெரியாமச் செவப்பு அடிச்சுப்போட்டேன். போன ஐப்பசியில பலிச்சதும் குத்துமதிப்புத்தான். எனக்கு இதெல்லாம் சரியாத் தெரியாதுங்க. வேலை பாத்த எடத்துலகூட வேண்டாம்னு அனுப்பிச்சுட்டாங்க."

அதை எவ்வளவு வேகமாக நம்பினார்கள்! செயற்கைக்கோளைப் பற்றி அவள் சொன்ன எதையும் இந்த ஜனங்கள் இவ்வளவு முழுசாகப் புரிந்துகொண்டதில்லை. முகங்கள் எல்லாம் தெளிந்தன. ஒருத்தர் தொடையில் தட்டினார்.

"நெனச்சேன்! நான் அப்பவே நெனச்சேன்! பொட்டப்புள்ள வானத்த அளக்குதாம்!"

"வேலைய உட்டுத் தொரத்திப்போட்டாங்களாமா? அதான் ஊட்டோட வந்து கெடக்குது."

"எம்பட டெம்போ வாடகைக்கு யாருங்க பதிலு?" என்று வேங்கடசாமி அவளைப் பார்த்தே கேட்டார். பிறகு தன் மூட்டைகளைத் திருப்பி ஏற்றச் சொன்னார்.

பூவாத்தாள் மட்டும் தராசின் அருகில் தயங்கி நின்றாள். லோகப்பிரியா தானே போய் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து இறக்கினாள். திருமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்துக்கு முன்னால் அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மழை வராதென்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது என்பதும்தான்.

மழை வரவில்லை. மூன்று நாளும் காற்றுதான். பருப்பு கலகலவென்று காய்ந்தது. நல்ல விலைக்கும் போனது. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைத்தெருவில் அவளைப் பார்த்தால், "அம்மணி, இன்னைக்கு என்ன கலருங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

சோற்று நேரத்தில் திருமூர்த்தி கோபப்படவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "ஒரு நாள் யாவாரம் போனாப் போகுது. ஆனா நீயே உன்ற வாயக் கட்டிப்போட்டே பாத்தியா! இனி நெசமாலுமே மழை வந்து நீ கத்துனாலும் ஒருத்தனும் மூடமாட்டான். நனைஞ்சதெல்லாம் எங்க வரும்? நம்மகிட்டத்தான்."

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவன் சொன்னது முழுக்கச் சரி. அந்த வாரமே காங்கேயத்தில் ஒரு தோழியின் வீட்டு மாடிக்குக் குடிபோனாள். குழுவில் இருந்தும் விலகினாள்.

ஐப்பசியில் ஒரு மதியம் கரூருக்கு மேலே ஒரு வெள்ளைப் பொட்டு தோன்றியது. அரைமணி கழித்து வந்த படத்தில் உள்ளங்கை அளவாகியிருந்தது. அடுத்ததில் கொடுமுடியைத் தொட்டுவிட்டது. இதன் தலை சும்மா குளிர்ந்த தலை இல்லை. கொதிக்கிற பாலைப்போல நிமிடத்துக்கு நிமிடம் பொங்கிக்கொண்டு மேற்கே வந்தது. மேகத்துக்குள் துளியை உணர்கிற நுண்ணலைச் செயற்கைக்கோள் ஒன்றும் அந்நேரம் பார்த்து மேலே போயிருந்தது. உள்ளே கனத்த துளி. அவளுக்குச் சந்தேகமே இல்லை. மேலே வானமோ வெண்கலத் தாம்பாளம்போலப் பளபளத்தது.

முதலில் பூவாத்தாளுக்குப் போன் போட்டாள். அவள் களம்தான் கிழக்கே இருந்தது.

"அக்கா, பருப்ப மூடிப்போடுங்க. மழை வருது."

"வெயிலு சுள்ளுன்னு அடிக்குதுங்களே அம்மணி."

"இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும்."

"சரிங்க அம்மணி, சாப்டாச்சுங்களா?" என்றாள் பூவாத்தாள். மூடுகிற குரல் இல்லை அது.

வேங்கடசாமி அழைப்பை எடுத்தார். "உங்க பேச்சுக்கு நேர்மாறா நடந்துக்கறதுன்னு இருக்கறமுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

லோகப்பிரியா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூவாத்தாளின் களத்துக்குப் போனாள். வெயிலில் பருப்பு கவிழ்த்த கிண்ணங்களைப்போலப் பரந்து கிடந்தது. தார்ப்பாய் மூலையில் சுருட்டி வைத்திருந்தது. அதன் மேல் கோழி எச்சம், நாய் ரோமம், போன வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

பூவாத்தாள் வீட்டிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மணி, என்ன பண்றீங்க?"

லோகப்பிரியா பேசவில்லை. பேசினால் வாதம் வரும். இழுத்தாள். தார்ப்பாய் கால்வாசி விரிந்து மடங்கிக்கொண்டது. மறுபக்கம் ஓடிப்போய் இழுத்தாள். சுடிதார் முழுக்கக் கறுப்பு.

"உடுங்க அம்மணி. அய்யோ, உடுங்கங்கறேன். துணியெல்லாம் பாழாப்போகுது." பூவாத்தாள் வானத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். "நல்ல ஊட்டுப் புள்ள. எங்க களத்துல வந்து ஒண்டியா இழுத்துட்டு நிக்குது, நான் பாத்துட்டு நிக்கறனாமா! ஒறம்பரை ஒருத்தர் பாத்தா என்ன பேசுவாங்க? இருங்க, இருங்க, அந்த முனையப் புடிங்க. மழை வருதுங்கறதுக்கு இல்ல, உங்களுக்காகத்தான்."

இருவரும் இழுத்து மூடினார்கள். ஓரத்துக்குக் கல் வைக்கும்போது கிழக்கே வானம் கறுத்தது. கடைசிக் கல்லை வைப்பதற்குள் முதல் துளி முதுகில் அறைந்தது. பிறகு கொட்டியது. களத்தோரத்துச் சாளைக்குள் ஓடினார்கள். தார்ப்பாயின் மேல் மழை பறையடிப்பதுபோல விழுந்தது.

பூவாத்தாள் வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இந்த வாட்டி குருட்டாம்போக்குலயே பலிச்சுப்போச்சு பாருங்க!"

லோகப்பிரியாவுக்குக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. அவளையா, தன்னையா என்று தெரியவில்லை. கைகள் நாறின. அறிவால் முடியாதது அழுக்கால் முடிந்திருக்கிறது. மழை நகர்வதைப் படிக்க அவள் செலவழித்த வருடங்கள் எல்லாம், ஒருத்திக்கு விருந்தாளியைப் பார்த்து வந்த கூச்சத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. இனி இதுதான் வழி. செல்போனைத் துடைத்துப் படத்தைப் பார்த்தாள். மேகம் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அரசம்பாளையத்துக்கு இன்னும் வரவில்லை. குறுக்குத் தடத்தில் போனால் முந்திவிடலாம்.

"காப்பி வெக்கறேன், குடிச்சுட்டுப் போங்க" என்றாள் பூவாத்தாள்.

"வாரேங்க்கா" என்று சொல்லி மழைக்குள் ஸ்கூட்டரை விட்டாள். ஊர் எல்லையில் சட்டென்று மழை நின்றுபோய்க் காய்ந்த ரோடு வந்தது. வேங்கடசாமியின் களத்தில் வெயில். அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒரு பெண் உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவருடைய நாற்றமடிக்கிற தார்ப்பாயைத் தூக்குவதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார். அவள் நனைந்திருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

"ஏனுங்க, ஏனுங்க அம்மணி! கீழ போடுங்க மொதல்ல! ரோட்டுல போறவன் பாத்தா என்னைய என்ன நெனப்பான்?" பீடியை எறிந்துவிட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார்.

"கெரகம்" என்று முணுமுணுத்தபடி இழுத்தார்.

"இன்னும் இழுங்க" என்றாள் லோகப்பிரியா.